பூதத்துக்கு ஒரு சொம்புத் தண்ணி

பூதமாக இருந்து பிழைப்பது லேசுப்பட்ட தொழில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது நான் பூதம். அடுத்த நிமிஷம் ராணி. அதற்கடுத்த நிமிஷம் சத்திரத்துச் சமையல்காரன். நடுவில் எழுந்துபோய் டீ வேறு போட வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தவர்கள், டியூஷன் எடுத்தவர்கள், ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்ட வாத்தியார்கள், உங்களுக்கெல்லாம் என் பாடு சொல்லாமலே புரியும். மற்றவர்கள் சித்தெ பொறுமையாகக் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் சாய்பாபா காலனியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் வாடகை நூலகம் வைத்திருந்தேன். வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்ததும் நாவல் எடுக்க வருகிற கூட்டம் பாதியாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் கப்பலில் வேலை பார்த்த என் தம்பி ஒரு தடி இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இன்னது செய்கிறேன்" என்று வாயால் சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். காய் கிடையாது, பலகை கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. படித்த மாத்திரத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

ஒன்றுதான் எரிச்சல். அந்தப் புத்தகத்தில் பிறக்கும்போதே எல்லாம் முடிவாகிவிடும். இந்த இனத்தில் பிறந்தவன் அறிவாளி, அந்த இனத்தில் பிறந்தவன் முரடன், சாகிறவரை மாறாது. அட கெரகமே, இதற்கு எதற்கு மாடி ஏறி வரவேண்டும், கீழே தெருவிலேயே கிடைக்கிறதே! அந்தப் பக்கங்களை ஸ்டேப்ளர் அடித்து மூடிவிட்டு நானே ஒரு விளையாட்டைச் செய்தேன். பெயர் 'ஏழாறு நாடு'. ஏழு ஆறுகளைத் தாண்டி வேதாளக் கோட்டைக்குப் போக வேண்டும். என் ஆசை ஒன்றே ஒன்று. இந்த மாடிப்படி ஏறி வருகிற யாரும், தனக்கு இங்கே இடமில்லை என்று இறங்கிப் போகக் கூடாது. அந்த ஆசை என்னைப் படுத்திய பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் சண்டை

முதல் ஞாயிறு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பழனிசாமி அண்ணன். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு, எங்கள் நூலகத்தில் சரித்திர நாவல் ஒன்றைக்கூட விட்டுவைக்காத மனுஷன். இன்னொருவன் தேவராஜ், மதுக்கரை சிமென்ட் ஆலையில் வேலை, இருபத்தைந்து வயசு, சண்டை என்றால் உசிர். நான் வெண்கலச் சொம்புக்குள் வாயை வைத்து, "யார்ரா அது என் குகை வாசல்ல!" என்று உறுமினேன். தேவராஜ் கத்தியை உருவிவிட்டதாகச் சொன்னான். பழனிசாமி அண்ணனோ நாற்காலியை விட்டு எழுந்து, "வாங்க வாங்க. வெயில்ல நின்னுட்டு இருக்கறீங்களே, மொதல்ல ஒரு சொம்புத் தண்ணி குடிங்க" என்றார்.

நான் என்ன செய்வேன், நானும் இந்த ஊரில் பிறந்தவள்தானே! பூதக் குரலிலேயே, "பரவால்லீங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். பூதத்துக்கு எந்த ஊர், மழை தண்ணி எப்படி, குழந்தைகள் எத்தனை என்று விசாரணை போயிற்று. கடைசியில் பூதம் தண்ணியும் குடித்தது, அவர்கள் கூடவே கிளம்பியும் வந்துவிட்டது. தண்ணி கொடுத்த கையால் எப்படிக் கத்தி எடுப்பது என்று தேவராஜிடம் கேட்டார் அண்ணன். இங்கிலீஷ் புத்தகத்தில் கொன்றால்தான் புள்ளி. நான் அன்றைக்கே 'மரியாதை' என்று ஒரு புள்ளி வைத்தேன். எதிராளியைப் பேசி வழிக்குக் கொண்டுவந்தால் கூடுதலாக ஒரு முறை பகடை போடலாம். அந்த விதியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும். தேவராஜ் மட்டும் படியிறங்கும்போது அழாக்குறையாகக் கேட்டான்:

"ஏனுங்க்கா, இந்த ஊர்ல எப்பத்தானுங்க சண்டை வரும்?"

தடவிப் பார்த்துச் சொல்கிறவர்

ஜெயராணி பீளமேட்டில் ஒரு மில்லில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்விட்டு அங்கிருந்து நேராக பஸ் பிடித்து வந்து, "பார்வை இல்லாதவங்க ஆடலாமுங்களா?" என்று கேட்டாள். "தாராளமா!" என்று நான் பெருமையடித்துக்கொண்டு தம்பி கொடுத்த பளபளப்புப் பகடையைக் கையில் கொடுத்தேன். அதில் எண்கள் மையால் அச்சடித்தவை. அவள் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப மேசையில் வைத்தாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பகடையைச் செய்தவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால்! விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் மாமியாரின் பித்தளைத் தாயக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதில் புள்ளிகள் குழியாகவே இருக்கும். குழி ஒன்றென்றால் ஒன்று, இரண்டு கட்டையும் வழவழவென்று இருந்தால் பன்னிரண்டு. தாயக்கட்டை தெரியாத தமிழர் யார்? விதி சொல்லிக்கொடுக்கிற வேலையும் மிச்சம்.

கட்டையைப் புரட்டிவிட்டு ஏமாற்றப் பார்ப்பான் தேவராஜ். அந்தச் சத்தமே ஜெயராணிக்குப் போதும், "தம்பி, கட்டை ரெண்டாவது வாட்டி உருண்டுச்சுங்க" என்பாள். அதனால் கட்டையை யார் போட்டாலும் ஜெயராணி தடவிப் பார்த்துச் சொல்வதே முடிவு என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். தனக்கே கேடாக விழுந்தாலும் ஒரு புள்ளி கூட்டிச் சொல்ல மாட்டாள். இப்படி ஒரு ஆள் கிடைத்ததில் நான் பூரித்துப்போய், "எப்படி இருக்குது ஜெயராணி நம்ம ஆட்டம்?" என்று கேட்டேன். நாள் முழுக்க டெலிபோனில் குரல் கேட்கிறவள் அல்லவா, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"எல்லாம் நல்லா இருக்குதுங்க்கா, ஆனா ராணிக்கும் திருடனுக்கும் ஒரே தொண்டையா இருக்குதுங்களே!"

ஐந்து மாயயானைகள்

இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஐந்து மாயயானைகள் சேர்ந்த கூட்டம் ஒன்றை உருவாக்கினேன். தும்பிக்கையில் நெருப்பு, கண்ணில் மின்னல், நடந்தால் மலை அதிரும். மூச்சுவிடாமல் வர்ணித்துவிட்டு, "என்ன செய்யறீங்க?" என்று நிமிர்ந்து பார்த்தால், பழனிசாமி அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார். மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கிற மனுஷன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாரம்தான் யானை இறங்கி அவருடைய தென்னங்கன்றுகளையெல்லாம் மிதித்துத் துவைத்துவிட்டுப் போயிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அவர் சொன்னது:

"தெனமும் யானையோடதானுங்க பொழப்பு, ஞாயித்துக்கெழமையாவது உடுங்க அம்மணி!"

எந்த ஊருங்க?

எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "எந்த ஊருங்க?" ஊரைச் சொன்னால் எந்தத் தோட்டம், தோட்டத்தைச் சொன்னால் யார் வகை, அதற்குமேல் எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஏழாறு நாட்டிலும் பழனிசாமி அண்ணன் ஒருத்தரையும் விடவில்லை. குள்ளர்களைக் கேட்டார், தேவதையைக் கேட்டார், செத்துப்போய் ஆவியாக வந்தவரைக்கூட விடவில்லை. கேட்காதீர்கள் என்றால் கேட்பாரா? நான் வேறொரு விதி செய்தேன். ஜெயராணிக்கு வைத்தியம், தேவராஜுக்கு வாள் என்று கற்ற தொழில் எப்போதும் கூடவே வரும். பிறப்பு மட்டும் வாராவாரம் தாயக்கட்டை போட்டு மாறும். போன வாரம் அரண்மனை, இந்த வாரம் சேறு அள்ளுகிற குடி. ராஜா ராணி என்று யாரும் நிலைத்து உட்கார முடியாது.

ஒரு ஞாயிறு அண்ணனுக்குச் சேறு அள்ளுகிற குடி விழுந்தது. போகிற வழியில் ஒரு ஊர்க் கிணறு. தண்ணி கேட்டார். கிணற்றுக் காவல்காரனாக நான், "அக்கட்ட நில்லு, ஊத்தறேன், கையில ஏந்திக் குடி" என்றேன். அண்ணன் விளையாட்டுக்குத்தான் இரண்டு கையையும் குவித்து நீட்டினார். நீட்டிய கையை அவரே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பூதத்துக்கே சொம்பில் தண்ணி கொடுத்தவர் அவர். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காவல்காரன் குரலை நான் மாற்றவில்லை. தேவராஜ் பொறுக்க மாட்டாமல், "தண்ணி கெடக்குதுங்ண்ணா, கோட்டைக்குப் போலாம் வாங்க" என்று அவசரப்படுத்தினான். அண்ணன் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு சொன்னார்:

"கோட்டை எங்க தம்பி போயிறப்போகுது, மொதல்ல இந்தக் கெணத்துக்கு ஒரு வழி பண்ணோணும்."

ஓடம் யாருது?

நசீமா எங்களோடு சேர்ந்தது அதற்கப்புறம். கோட்டைமேட்டுப் பெண், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். பைண்டு பண்ணின தொடர்கதை எடுக்க வந்தவள், இரண்டு வாரம் புத்தக அலமாரிப் பக்கம் நின்றபடியே ஆட்டத்தைக் கேட்டாள். மூன்றாம் வாரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எனக்கு வாள் வேண்டாங்க்கா, ஓடம் குடுங்க" என்றாள். ஏழு ஆறு இருக்கிற நாட்டில் அதுவரை ஒருத்தருக்கும் ஓடம் வேண்டும் என்று தோன்றவில்லை, பாருங்கள்! எனக்கும்தான். அன்றிலிருந்து அவள்தான் எங்கள் ஓடக்காரி.

நாலாவது ஆற்றங்கரையில் எதிரிகள் துரத்திக்கொண்டு வருகிறார்கள். ஓடம் கொள்ளுவது மூன்று பேர், ஓட்டுகிறவளோடு. கரையில் மற்றவர்கள் மூன்று பேர், போதாததற்குப் பூதம். தேவராஜ் தாவி முதலில் ஏறிவிட்டான். "ஜெயராணி அக்கா வைத்தியச்சிதானே, அவங்களை யார் அடிக்கப் போறாங்க, நெலமை சரியானதும் வந்து கூட்டிக்கலாம்" என்றான். ஜெயராணியோ, பகடையை அன்று மேசையில் வைத்தாளே, அதே மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது, ஆனால் நான் வாயைத் திறக்கத் தேவைப்படவில்லை. நசீமா ஓடக்கழியை ஊன்றி நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். ஒருத்தரை விட்டுவிட்டு ஓடம் நகராது, அத்தனை பேரையும் மாற்றி மாற்றிக் கொண்டுபோய் விடுவது தன் பொறுப்பு என்றாள். அவள் சொன்னதையே அடுத்த வாரம் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினேன்: 'ஒருத்தரையும் இக்கரையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.' அந்த அட்டைக்குக் காரணமான தேவராஜைப் பார்த்து நசீமா அன்றைக்குச் சொன்னது:

"எறங்குங்கண்ணா, மொதல்ல அவங்க ஏறட்டும்."

நடக்காத ஆட்டம்

அப்புறம் அந்தக் கெட்ட வருஷம் வந்தது. கோயமுத்தூர் கோயமுத்தூராக இல்லை. மதக் கலவரம், குண்டுவெடிப்பு, ஊரடங்கு, தெருமுக்கில் எல்லாம் சோதனை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை ஓரக்கண்ணால் பார்க்கிற பழக்கம். எந்த ஊருங்க என்று கேட்ட வாயெல்லாம் எந்தத் தெருவுங்க என்று கேட்க ஆரம்பித்தது. 'இந்த ஊர்ல எப்பத்தானுங்க சண்டை வரும்' என்று தேவராஜ் முதல் நாள் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. நாங்கள் ஏழாவது ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருந்த சமயம் அது. நூலகத்தைப் பூட்டிவிட்டேன். மறுபடி திறந்தபோது மூன்று பேர் வந்தார்கள், நசீமா வரவில்லை. அவள் வீட்டில் டெலிபோன் இல்லை. அவள் தெருமுனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஜெயராணி வாராவாரம் பேசி, "நாங்க இன்னும் இக்கரைலதான் இருக்கறோம்னு நசீமாகிட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி வைப்பாள். பூத்காரரும் சொல்கிறேன் என்பார். பதில் வராது.

கட்டணம் கொடுத்து ஆட வருகிறவர்களை எத்தனை வாரம் கரையில் உட்கார வைப்பது? ஆற்றுக்கு ஒரு பாலம் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். தேவராஜ் சுவரில் இருந்த அட்டையைக் காட்டினான், அவ்வளவுதான். அதன்பின் ஏழாறு நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. மீன் பிடித்தார்கள். பழனிசாமி அண்ணன் கரையில் பூசணி விதை போட்டு, வாராவாரம் அது எத்தனை இலை விட்டிருக்கிறது என்று என்னையே கேட்டு உயிரை எடுத்தார். ஜெயராணி பூதத்துக்குப் பாட்டுப் பாடினாள். எனக்குத் தெரிந்து உலகத்திலேயே சுவாரசியமில்லாத ஆட்டம் அதுதான்; ஆனால் அந்த மூன்று பேரில் ஒருத்தர்கூட ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை. ஒரு நாள் புதிதாக ஒரு காலேஜ் பையன் வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓடக்காரர்தானே வேணும், நான் இருக்கறேன்" என்று நசீமாவின் நாற்காலியில் உட்காரப் போனான். தேவராஜ் எழுந்து அவனுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னான்:

"ஓடக்காரி இருக்கறாங்க தம்பி, இன்னிக்கு வரல, அவ்வளவுதான்."

ஏழாவது ஆறு

பூசணி காய்க்கிற பருவத்துக்கு வந்துவிட்டது. ஒரு ஞாயிறு மாடிப்படியில் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம். ஜெயராணி தலையைத் தூக்கி, "நசீமா!" என்றாள். எங்களுக்குத் தெரிய இன்னும் நாலு படி ஆயிற்று. நசீமாவும் அவளுடைய அத்தாவும். மகளைத் தனியாக அனுப்ப மனசு வராமல் அவரே கூட்டிவந்திருக்கிறார். சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். நசீமா இளைத்திருந்தாள். அவளாகவே, "எதுவரைக்கும் போயிருக்கறீங்க?" என்று கேட்டாள். "எங்கயும் போகலைங்க. ஓடம் கட்டுன எடத்துலயே கெடக்குது. பூசணி போட்டிருக்கறேன்" என்றார் பழனிசாமி அண்ணன். நசீமா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் டீ போடுகிற சாக்கில் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன், அதில் என்ன வெட்கம்?

ஏழாவது ஆறு வெள்ளத்தில் ஓடுகிறது. ஓடம் அக்கரை சேரத் தாயக்கட்டையில் ஆறுக்குமேல் விழ வேண்டும், குறைந்தால் கவிழும். அது நானே எழுதின விதி. ஒரு கட்டையில் மூன்று குழிக்குமேல் கிடையாது, அதனால் பன்னிரண்டைத் தவிர வேறு வழியில்லை. தேவராஜ் கட்டையை எடுத்து நசீமாவின் கையில் வைத்தான். அவள் உருட்டினாள். ஒன்றும், ஒன்றும். இரண்டு. கட்டை என் மூக்குக்கு நேராகக் கிடக்கிறது. தேவராஜ் பார்த்தான், அண்ணன் பார்த்தார், நசீமாவும் பார்த்தாள். பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்த அத்தாவுக்கும் தெரிந்திருக்கும். ஜெயராணி கையை நீட்டித் தடவினாள். ஒரு கட்டை மேல் விரலை வைத்தாள், இன்னொரு கட்டை மேல் வைத்தாள், அவசரமே படவில்லை. பிறகு மில் போனில் பேசுகிற அதே தெளிவான குரலில், "பன்னெண்டு" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜெயராணி சொல்வதே முடிவு என்பதும் எல்லாரும் ஒத்துக்கொண்ட விதிதானே! "பன்னெண்டு" என்றேன் நான். தேவராஜ் மேசையைத் தட்டினான். அத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீசைக்குக் கீழே சிரிப்பு. நசீமா மூக்கை உறிஞ்சிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, இல்லாத கழியை இரண்டு கையாலும் பிடித்தாள்:

"ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க, பூதத்துக்கும் எடம் இருக்குது!"

ஏழாறு நாட்டை நடத்திய அத்தனை வருஷத்திலும் என் கண்ணெதிரே பலித்த கள்ளாட்டம் அது ஒன்றுதான், அதைக் கண்டுபிடிக்கத் தெரியாத பூதம் என்று பெயர் எடுத்ததில் எனக்கு இன்றைக்கும் கொள்ளைப் பெருமை.